குடோனும் மைதானமும்: பால்டிமோர் பயணக் குறிப்புகள்

வியாழன்

வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷனிலிருந்து பால்டிமோருக்கு இரண்டு பாதைகளில் புறநகர் ரயில் போகிறது. சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமென்றால் பென் லைன். நாங்கள் ஏறியது கேம்டன் லைன். வார நாட்களில் மட்டும், ஆபீஸ் போகிறவர்களுக்காக ஓடுகிற வண்டி; ஆடி அசைந்துதான் போகிறது. ஆனால் அது இறக்கிவிடும் இடத்துக்காகவே அதில் போகலாம். பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் பக்கத்தில் ஒரு செங்கல் கட்டடம், எட்டு மாடி. தலையைத் திருப்பிக்கொண்டே போனாலும் முடிய மாட்டேன் என்கிறது. நான் பார்க்க வந்த பேஸ்பால் மைதானம் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

கூட வந்தவன் அக்கா மகன். மேரிலாந்திலேயே பிறந்து வளர்ந்து இப்போது காலேஜில் படிக்கிறான். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி என்றால் உயிர். "மாமா, கிரிக்கெட்டோட கம்பேர் பண்ணிட்டே இருக்காதீங்க, ஒரு நாள் சும்மா பாருங்க" என்று ரயிலிலேயே நிபந்தனை போட்டுவிட்டான். சரி என்று தலையாட்டி வைத்தேன்.

மைதானத்தின் பெயர் ஓரியோல் பார்க் அட் கேம்டன் யார்ட்ஸ். இவ்வளவு நீளப் பெயருக்குக் காரணம் ஒரு சண்டை. அணியின் அப்போதைய உரிமையாளர் இலை ஜேகப்ஸ் 'ஓரியோல் பார்க்' என்றார். ஆளுநர் வில்லியம் டொனால்ட் ஷேஃபர் 'கேம்டன் யார்ட்ஸ்' என்றார். இருவரும் இறங்கி வராததால் இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். கேம்டன் யார்ட்ஸ் என்பது பால்டிமோர் அண்டு ஓஹையோ ரயில்வே கம்பெனியின் சரக்கு யார்டு. மக்கள் வாயில் நிலைத்தது ஆளுநர் வைத்த பெயர்தான்.

பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்னும் பக்கத்திலேயே நிற்கிறது. 1850-களில் கட்டியது. 1861-ல் லிங்கன் பதவியேற்கப் போகும்போது கொலைச் சதி என்று தகவல் வந்ததால், இருட்டோடு இருட்டாக இந்த ஸ்டேஷன் வழியாகத்தான் தலைநகர் போனார். அதே ஆண்டு ஏப்ரல் 19 அன்று, இந்த ஸ்டேஷனை நோக்கி வந்துகொண்டிருந்த மாசசூசெட்ஸ் படைவீரர்களைப் பிராட் தெருவில் கூட்டம் மறித்தது. உள்நாட்டுப் போரில் மோதலில் சிந்திய முதல் ரத்தம் அது. நான்கு ஆண்டு கழித்து லிங்கனின் உடலைச் சுமந்த ரயிலும் இங்கே வந்து நின்றது.

இவ்வளவும் டிக்கெட் கவுண்டருக்குப் போகிற வழியில். அறை போட்டுத் தூங்கினோம்.

வெள்ளி

காலையில் மைதானத்தைச் சுற்றிக்காட்டும் டூர். எங்களைக் கூட்டிப்போன அம்மாள் ஓய்வுபெற்ற ஆசிரியை போல இருந்தார். யாராவது பேச்சுக்கு நடுவில் போனைப் பார்த்தால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

முதலில் குடோன், ரயிலை விட்டு இறங்கியதும் பார்த்த அந்தச் செங்கல் கட்டடம். 1899-ல் தொடங்கி 1905 வாக்கில் முடித்த கட்டடம். நீளம் ஆயிரம் அடிக்கு மேல், அகலம் வெறும் 51 அடி. இரண்டு பக்கமும் வண்டிகள் வந்து நிற்கவும், சரக்கை ஏற்றி இறக்கவும் வசதியாக ஒரு ரயிலைப் போலவே கட்டடத்தையும் ஒல்லியாக இழுத்துவிட்டார்கள். ஒரே சமயத்தில் ஆயிரம் வேகன் சரக்கு பிடிக்குமாம். லாரிகள் வந்தபின் ரயில் சரக்கு படுத்தது. 1970-களில் காலி. 1980-களின் கடைசியில் மைதானத்துக்கு இடம் பார்த்தபோது இதை இடித்துவிட்டால் நல்லது என்று சொன்னவர்கள் உண்டு. காற்றை மறைக்கும், துறைமுகப் பக்கத்துக் காட்சியை மறைக்கும், பராமரிப்புச் செலவு என்று காரணம் வேறு.

அப்போதைய நிலவரத்தையும் சொல்ல வேண்டும். 1960, 70-களில் அமெரிக்கா முழுக்கக் கட்டிய மைதானங்கள் வட்டமான கான்கிரீட் கிண்ணங்கள். பேஸ்பாலும் ஆடலாம், அமெரிக்கக் கால்பந்தும் ஆடலாம் என்று கட்டி, இரண்டுக்கும் சரியாக உதவாமல் போனவை. பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, பிலடெல்பியா என்று எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே தெரியாது. ஹெச்ஓகே என்ற நிறுவனம் பால்டிமோருக்கு முதலில் கொண்டுவந்த வரைபடமும் புதுப் பாணியில் ஓர் ஊருக்கும் சொந்தமில்லாத மைதானம்தான். அணி நிர்வாகத்தின் தலைவர் லாரி லூக்கினோ அதைத் திருப்பி அனுப்பினார். அணிக்காகத் திட்டமிடலைக் கவனிக்க வந்த ஜேனட் மேரி ஸ்மித் என்ற கட்டடக்கலைஞர், குடோனை மறைக்காமல் அதையே மைதானத்தின் ஒரு பக்கச் சுவராக்கும் யோசனையை விடாப்பிடியாகக் காத்தார். பின்னாளில் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கையும் லாஸ் ஏஞ்சல்ஸின் டாட்ஜர் மைதானத்தையும் புதுப்பித்தவர் அவர்தான்.

கேலரிக்குள் நுழைந்தபோது எனக்குச் சட்டென்று பிடிபடாத ஒன்று: வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவு பெரிய மைதானம் உள்ளே இருப்பது தெரியவில்லை. தெருமட்டத்திலிருந்து சுமார் 16 அடி கீழே ஆடுகளத்தைத் தோண்டியிருக்கிறார்கள். நாம் வாசலில் படியேறாமல் நடந்து வருகிறோம். பாதி கேலரி காலடிக்குக் கீழே இறங்கிப் போகிறது. அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளை மைதானம் அமுக்கிவிடாமல் இருக்கச் செய்த வேலை. கான்கிரீட்டுக்குப் பதில் பச்சை வண்ண எஃகுத் தூண்கள், வெளிச்சுவரில் செங்கல் வளைவுகள். எல்லாம் 1992-ல் கட்டியது. பார்த்தால் 1912 என்று சொல்வோம். இதைப் போலிப் பழமை என்று கிண்டல் செய்கிற கட்டடக்கலை விமர்சகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். ஆனால் குடோன் போலி இல்லை. அது நிற்பதால்தான் மற்றதெல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள் போல நிற்க முடிகிறது.

வழியோர இருக்கைகளின் பக்கவாட்டு இரும்பில் ஒரு முத்திரை வார்த்திருக்கிறார்கள். அம்மாள் குனிந்து பார்க்கச் சொன்னார். 1890-களில் இதே பெயரில் இங்கே ஆடிய பழைய ஓரியோல்ஸ் அணியின் சின்னம். 1894 முதல் 1896 வரை தொடர்ந்து மூன்று முறை நேஷனல் லீக் பட்டம் வென்ற அணி அது. பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்ததில் ஓரங்கள் மழுங்கி, விரலால் தடவினால்தான் உருவம் புலப்படுகிறது.

இருக்கைகள் முழுக்கக் கரும்பச்சை. இரண்டே இரண்டு மட்டும் ஆரஞ்சு. வலது பக்கக் கேலரியில் இருப்பது ஓரியோல்ஸ் வீரர் எடி மர்ரியின் 500-வது ஹோம் ரன் (களத்தின் சுவரைத் தாண்டிப் பறக்கும் அடி) வந்து விழுந்த இடம், 1996 செப்டம்பர் 6. இடது பக்கத்தில் இருப்பது அதே அணியின் கால் ரிப்கென் 1993 ஜூலையில் அடித்த 278-வது. ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டராக ஆடிக்கொண்டு அதுவரை யாரும் அவ்வளவு ஹோம் ரன் அடித்ததில்லை. அந்த இருக்கைகளுக்கும் டிக்கெட் விற்கிறார்கள்.

ரிப்கென் பெயர் வந்ததும் மருமகன் அம்மாளை முந்திக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டான். அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை. லூ கெரிக் என்ற நியூயார்க் வீரர் ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடியிருந்தார். 1939-ல் நோயால் விலகினார். அந்தச் சாதனை 56 ஆண்டு நின்றது. 1995-ல் ரிப்கென் நெருங்கியபோது குடோன் சுவரில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு பெரிய பேனர் தொங்கவிட்டு, ஆட்டம் கணக்கில் சேரும் கட்டம் வந்ததும் தினமும் மாற்றினார்கள். செப்டம்பர் 6 அன்று 2131 விழுந்தது. ஆட்டம் நின்று, 22 நிமிடம் கைதட்டல் ஓயவில்லை. ஜனாதிபதி கிளிண்டன் கேலரியில் இருந்தார். ரிப்கென் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்து ரசிகர்களின் கையைத் தொட்டுக்கொண்டே போனார். மொத்தம் 2,632 ஆட்டங்கள் வரை நீண்டது அந்த ஓட்டம்.

ஒரு சரக்கு குடோன் ஸ்கோர்போர்டு ஆன கதை இது. இடித்திருந்தால் பேனரை எதில் தொங்கவிட்டிருப்பார்கள்?

டூர் முடிந்து யூட்டா தெருவில் நெடுநேரம் நின்றோம். குடோனுக்கும் கேலரிக்கும் நடுவே போகிற தெரு. ஆட்ட நாளில் கேட் போட்டு மைதானத்தின் பகுதியாக்கிவிடுகிறார்கள், மற்ற நாளில் யாரும் நடக்கலாம். தரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பித்தளைப் பந்துகள் பதித்திருக்கிறார்கள். வலது பக்கச் சுவரைத் தாண்டித் தெருவில் வந்து விழுந்த ஒவ்வொரு ஹோம் ரனுக்கும் ஒன்று. பெயர், நாள், தூரம் பொறித்தது. முதல் பந்து மிக்கி டெட்டில்டன் அடித்தது, 1992 ஏப்ரல் 20. எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. அதிகம் மிதிபடுகிற இடத்தில் இருப்பவை பளபளக்கின்றன, ஓரத்தில் இருப்பவை கறுத்துக் கிடக்கின்றன. யார் பெரிய வீரர் என்பதற்கும் பளபளப்புக்கும் சம்பந்தமில்லை.

குடோன் சுவரில் நேரடியாகப் பந்தை அடித்தவர் ஒருவர்தான்: கென் கிரிஃபி ஜூனியர், 1993 ஜூலையில். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து சுவருக்குச் சுமார் 440 அடி. அதுவும் ஹோம் ரன் போட்டியில் அடித்தது, ஆட்டத்தில் இல்லை. ஆட்டத்தில் இதுவரை யாராலும் முடியவில்லை. பந்து பட்ட இடத்தில் ஒரு தகடு வைத்திருக்கிறார்கள்.

சனி

மைதானத்தின் வாசலிலிருந்து நடைபாதையில் பேஸ்பால் படங்களாக வரைந்திருக்கிறார்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சில நிமிடத்தில் எமரி தெரு 216. பேப் ரூத் என்ற பேஸ்பால் வீரர் 1895 பிப்ரவரி 6 அன்று பிறந்த வீடு. அவருடைய தாய்வழித் தாத்தாவின் வாடகை வீடு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அளவுக்கு ஒடுக்கம். 1960-களின் கடைசியில் இடிக்க இருந்ததைக் காப்பாற்றி 1974-ல் மியூசியமாக்கினார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறு. ரூத்தின் அப்பா நடத்திய சாராயக்கடை கான்வே தெருவில் இருந்தது; குடும்பம் மாடியில் குடியிருந்தது. மைதானம் கட்டியபோது அந்த இடம் சென்டர் ஃபீல்டுக்குள், அதாவது களத்தின் நடுப் பின்பகுதிக்குள் போய்விட்டது. பேஸ்பாலின் மிகப் பெரிய பெயர் வளர்ந்த வீட்டின்மேல் இன்று பேஸ்பால் ஆடுகிறார்கள். திட்டம் போட்டுச் செய்திருந்தால் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

யூட்டா தெரு வாசலில் ரூத்துக்கு வெண்கலச் சிலை உண்டு. மருமகன் சிலையின் கையைக் காட்டி, "என்ன தப்புன்னு சொல்லுங்க" என்றான். எனக்குத் தெரியவில்லை. ரூத் இடது கைக்காரர். சிலை வைத்திருக்கும் கிளவுஸ் வலது கைக்காரர்களுக்கானது. சிறுவனாக இருந்த காலத்தில் சீர்திருத்தப் பள்ளியில் கிடைத்த வலது கைக் கிளவுஸை வைத்துத்தான் ஆடினார், அதனால் சிலை சரிதான் என்று சமாதானம் சொல்கிறார்கள். சமாதானம் நன்றாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் ஆட்டம். யூட்டா தெரு முழுக்கப் புகை. பூக் பவல் என்ற பழைய வீரர் பெயரில் 1992 முதல் நடக்கும் பார்பெக்யூ கடையில் வரிசை வளைந்து நின்றது. 1970-ல் லீகின் மிகச் சிறந்த வீரர் என்று தேர்வானவர் அவர். நாங்கள் நண்டு கேக் பக்கம் போனோம். சேசபீக் வளைகுடாவின் நீல நண்டு, மேலே ஓல்டு பே என்ற மசாலா. செலரி உப்பு, மிளகு, கொஞ்சம் காரம். நம் நாக்குக்குக் காரம் போதாது, ஆனால் நண்டு நல்ல நண்டு. விலையைச் சொல்ல மாட்டேன், அக்கா படிப்பாள்.

தேசிய கீதம் பாடும்போது ஒரு வேடிக்கை. கடைசிப் பகுதியில் 'ஓ' என்ற எழுத்து வரும் இடத்தில் மொத்தக் கேலரியும் "ஓ!" என்று கத்துகிறது. ஓரியோல்ஸின் ஓ. மரியாதைக் குறைவு என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டின் வரிகளே 1814-ல் இந்த ஊர்த் துறைமுகத்தில், மெக்ஹென்றி கோட்டை குண்டுவீச்சைப் பார்த்து எழுதியவை. சொந்த ஊர்க்காரர்களுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

நிபந்தனையை மீறி ஒரு கிரிக்கெட் விஷயம்: நம் மைதானங்களில் பவுண்டரிக் கயிற்றை உள்ளே வெளியே இழுப்பது போல இங்கே சுவரையே நகர்த்துகிறார்கள். வலது பக்கம், களத்தின் எல்லையைக் காட்டும் ஃபவுல் கம்பத்தடியில், ஹோம் பிளேட்டிலிருந்து 318 அடிதான், ஏனென்றால் அங்கே குடோனும் தெருவும் இடம் விடவில்லை. அதற்கு ஈடாகச் சுவர் இருபதடிக்கு மேல். இடது பக்கம் ஹோம் ரன் மலிந்துவிட்டது என்று 2022-ல் சுவரைச் சுமார் 26 அடி வரை பின்னால் தள்ளி, உயரத்தை 7 அடியிலிருந்து 13 அடி ஆக்கினார்கள். வலது கை பேட்டர்கள் புலம்பித் தீர்த்தார்கள். 2025-ல் கொஞ்சம் மறுபடி முன்னால் கொண்டுவந்தார்கள்.

எங்கள் இருக்கை ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், உயரத்தில். இங்கிருந்து முன்பெல்லாம் சென்டர் ஃபீல்டுக்கு மேல் நகரத்தின் உச்சிகள் வரிசையாகத் தெரியுமாம், நடுநாயகமாக புரோமோ செல்ட்ஸர் கோபுரம். 1911-ல் ஒரு தலைவலி மருந்துக் கம்பெனி கட்டிய மணிக்கூண்டு. கடிகாரத்தில் எண்களுக்குப் பதிலாக மருந்துப் பெயரின் பன்னிரண்டு எழுத்துகள். 2008-ல் வடக்குப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல் எழும்பி அந்தக் காட்சியின் பெரும்பகுதியை அடைத்துவிட்டது. நகரத்தைக் காட்டவே திறந்து வைத்த பக்கத்தில் நகரமே போய் ஒரு சுவரை எழுப்பிக்கொண்டது. முன்வரிசைக் கிழவர் ஒருவர், நான் கேட்காமலேயே, அந்த ஹோட்டலைக் கையால் மறைத்துக் காட்டி, "இப்போ பாருங்க" என்றார்.

ஆட்டம் இழுத்து இழுத்துப் போய் நம் பக்கம் ஜெயித்தது. இந்தக் கேலரிகளில் ஒருவர்கூட இல்லாமல் ஓர் ஆட்டம் நடந்திருக்கிறது. 2015 ஏப்ரலில் போலீஸ் காவலில் அடிபட்ட ஃப்ரெடி கிரே என்ற கறுப்பின இளைஞர் 19-ஆம் தேதி இறந்தார். ஊர் கொந்தளித்தது. 29-ஆம் தேதி சிகாகோ வொயிட் சாக்ஸுடன் நடந்த ஆட்டத்துக்கு ரசிகர்களை அனுமதிக்கவில்லை. மேஜர் லீக் என்ற முதன்மைப் பேஸ்பால் போட்டியில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஓரியோல்ஸ் 8-2 என்று ஜெயித்தது. டி.வி.யில் மட்டை பந்தில் படும் சத்தம் எதிரொலித்தது. வெளியே இரும்புக் கம்பிக் கதவுக்கு அப்பால் நின்று சிலர் கத்தி உற்சாகப்படுத்தினார்கள்.

ஞாயிறு

இன்று மைதானத்தை விட்டு விலகி 33-ஆம் தெரு. ஓரியோல்ஸ் 1954-ல் செயின்ட் லூயியிலிருந்து வந்தது முதல் 1991 வரை ஆடிய மெமோரியல் ஸ்டேடியம் இருந்த இடம். சுற்றிலும் குடியிருப்பு வீடுகள். ஸ்டேடியத்தை 2001 வாக்கில் இடிக்கத் தொடங்கினார்கள். இப்போது ஒய்எம்சிஏ, முதியோர் குடியிருப்பு, சிறுவர்கள் ஆட ஒரு மைதானம். ரிப்கென் குடும்பத்து அறக்கட்டளை அமைத்தது அது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். போர்வீரர் நினைவாக முகப்பில் இருந்த எஃகு எழுத்துகளில் ஒரு வாசகத்தை மட்டும் கேம்டன் யார்ட்ஸ் பக்கம் கொண்டுபோய் நினைவுச் சுவராக்கியிருக்கிறார்கள்.

இந்தப் பழைய மைதானத்தை ஏன் விட்டார்கள்? பயம். 1984 மார்ச் 28 இரவு, பனி விழுந்துகொண்டிருக்கையில், ஊரின் கால்பந்து அணியான கோல்ட்ஸ் சாமான்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இண்டியானாபோலிஸுக்குப் போய்விட்டது. விடிந்து பார்த்தால் அணியே இல்லை. ஓரியோல்ஸின் அப்போதைய உரிமையாளர் வாஷிங்டன் வக்கீல். அடுத்து இதுவும் போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1986-ல் மாநிலம் மைதான ஆணையம் அமைத்தது. 1988-ல் ஓரியோல்ஸ் சீசனின் முதல் 21 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது. அவமானத்தோடு ஊர் திரும்பிய அணியைப் பார்க்க மே 2 அன்று ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இந்த இடத்தில் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஆளுநர் ஷேஃபர் புது மைதான ஒப்பந்தத்தை அறிவித்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த நாள் இது.

பணம் மாநிலத்துடையது. விளையாட்டின் பெயரில் லாட்டரிச் சீட்டு விற்றுத் திரட்டினார்கள். லாட்டரி வாங்குகிறவர் யார், சொகுசு பாக்ஸில் உட்கார்ந்து பார்க்கிறவர் யார் என்று யோசித்தால் கொஞ்சம் நெருடும். யார்டில் இயங்கிய தொழில்கள் வெளியேற்றப்பட்டன. அதில் பார்க்ஸ் சாசேஜ் கம்பெனியும் ஒன்று, கறுப்பினத்தவர் நடத்தி முதன்முதலில் பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனம். 1997-ல் புரூக்கிங்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி, ஏறக்குறைய 20 கோடி டாலர் போட்ட திட்டத்தால் கூடுதல் வேலையும் வரியுமாகத் திரும்புவது ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டாலர். மைதானம் ஊரைத் தூக்கி நிறுத்தும் என்பதற்கு இந்த எண்கள் சாட்சி சொல்லவில்லை. நானும் இந்த நாட்களில் மைதானத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன். ஆட்டம் இல்லாத நேரத்தில் அந்தத் தெருக்களில் டீ குடிக்கக்கூட அலைய வேண்டியிருக்கிறது.

ஆனால் மற்ற ஊர்கள் கணக்கைப் பார்க்கவில்லை, குடோனைப் பார்த்தன. 1994-ல் கிளீவ்லாந்து, 1995-ல் டென்வர், 2000-ல் சான் ஃபிரான்சிஸ்கோ, 2001-ல் பிட்ஸ்பர்க் என்று வரிசையாக ஊர் நடுவில் மைதானம் கட்டின. சான் டியகோ 2004-ல் ஒரு படி மேலே போனது: 1909-ல் கட்டிய இரும்புச் சாமான் கட்டடத்தை மைதானத்துக்குள்ளேயே விட்டு, அதன் மூலையையே ஃபவுல் கம்பமாக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மூலம் அந்த ஒல்லிக் கட்டடம்தான்.

மெமோரியல் ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டம் 1991 அக்டோபர் 6. முடிந்ததும் ஹோம் பிளேட்டைத் தோண்டி எடுத்து, லிமோசின் காரில் ஏற்றிக் கேம்டன் யார்ட்ஸுக்குக் கொண்டுபோய்ப் பதித்தார்கள். அடுத்த ஏப்ரல் 6-ல் புது மைதானத்தில் முதல் ஆட்டம். ரிக் சட்கிளிஃப் பந்து போட, கிளீவ்லாந்தை 2-0 என்று வென்றார்கள்.

"அப்போ ராசியும் கூடவே வந்துருச்சு" என்றேன்.

"எங்க மாமா வந்துச்சு?" என்றான் மருமகன். "1966, 70, 83. மூணு வேர்ல்டு சீரிஸ் சாம்பியன் பட்டமும் இங்க ஆடுனப்ப ஜெயிச்சது. அங்க போனதுக்கு அப்புறம் ஒண்ணுகூட இல்ல."

கேம்டன் லைன் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. பென் ஸ்டேஷனுக்கு டாக்ஸி பிடித்தோம். டாக்ஸிக்காரரிடமும் அவன் இதையே ஆரம்பிக்க, அவர் 83-ஆம் ஆண்டு அணியில் யார் யார் எந்த இடத்தில் ஆடினார்கள் என்று ஸ்டேஷன் வரும்வரை ஒப்பித்துக்கொண்டே வந்தார்.